கன்ட்ரி இசை: காதை எங்கே வைப்பது, எந்தப் படத்தைப் பார்ப்பது

அமெரிக்கக் கன்ட்ரி பாட்டைப் புதிதாகக் கேட்பவர்கள் இரண்டு குறை சொல்வார்கள். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது, எல்லாரும் அழுகிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. மெட்டை வேண்டுமென்றே எளிமையாக வைத்திருக்கிறார்கள், கதை காதில் விழவேண்டும் என்பதற்காக. மெட்டில் திருப்பம் தேடுகிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே திருப்பம் வரியில் வரும், பெரும்பாலும் கடைசிச் சரணத்தில் வரும்.

ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-இல் பாடிய 'ஹீ ஸ்டாப்ட் லவிங் ஹெர் டுடே' இதற்கு நல்ல பாடம். பாபி பிராடக், கர்லி புட்மன் இருவரும் எழுதியது. விட்டுப்போன ஒருத்தியைச் சாகும்வரை நேசிப்பேன் என்று சொன்ன ஒருவனைப் பற்றி நண்பன் சொல்லிக்கொண்டு போகிறான். சுவரில் அவள் படம், படுக்கையருகே பழைய கடிதங்கள். இன்றைக்குப் போய்ப் பார்த்தேன், அவன் முகத்தில் பல வருடம் கழித்து ஒரு சிரிப்பு என்கிறான். அதன்பிறகு பல்லவி வருகிறது: இன்றோடு அவளை நேசிப்பதை நிறுத்திவிட்டான். அடுத்த வரியில் வாசலில் மலர்வளையம் வைக்கிறார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு, ஒருவன் காதலை மறந்த கதை என்று நினைத்திருந்தவருக்கு அங்கேதான் விஷயம் புரியும். ஆங்கில வரிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கேளுங்கள். தென்மாநில உச்சரிப்பு பழகாத காதுக்கு, முதல் சில பாடல்களில் பாதிச் சொற்கள் கரைந்து போய்விடும். சொல் போனால் கன்ட்ரியில் பாதி பாட்டு போயிற்று.

எங்கிருந்து வந்தது

நீண்ட வரலாறு தொடக்கத்தில் தேவையில்லை, இரண்டு இடங்கள் போதும். முதலாவது, டென்னசி–வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் என்ற ஊர். 1927 ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம்வரை விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பீர் அங்கே கருவிகளை இறக்கி 76 பாடல்களைப் பதிவு செய்தார். மின் மைக்ரோஃபோன் அப்போதுதான் வந்திருந்தது. அதற்கு முன்பு புனல் முன்னால் நின்று கத்திப் பாடவேண்டும். மைக் வந்ததும் வீட்டுத் திண்ணையில் பாடும் குரலே தட்டில் ஏறியது. கார்ட்டர் குடும்பம், ஜிம்மி ராட்ஜர்ஸ் இரண்டு பேரையும் அந்த ஒரே வாரத்தில் பீர் பிடித்துவிட்டார். இன்றைய கன்ட்ரியின் இரண்டு கிளையும் அங்கேதான் முளைக்கின்றன: ஒன்று வீடு, தேவாலயம், குடும்பம், மற்றொன்று ரயில், சாராயம், ஊர்சுற்றல். ராட்ஜர்ஸ் ரயில்வேயில் பிரேக்மேன் வேலை பார்த்தவர். காசநோயால் 1933-இல், 35 வயதில் இறந்தார். வரி முடிவில் குரலை உடைத்து மேலே தூக்கும் யோடல் அவர் முத்திரை. நம் ஊரில் சந்திரபாபு பாட்டில் கேட்டிருப்பீர்களே, அதே வித்தைதான்.

இரண்டாவது இடம் டென்னசியின் நாஷ்வில். ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வானொலி நிலையமான டபிள்யூ.எஸ்.எம். 1925 நவம்பரில் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. இரண்டு வருடத்தில் அதற்கு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர் வந்தது, இன்றும் நடக்கிறது. 1932-இல் நிலையம் 50,000 வாட்டுக்கு உயர்ந்ததும் இரவு நேரத்தில் அதன் அலை பல மாநிலங்களைத் தாண்டிப் போயிற்று. பாடகர்கள் நாஷ்விலைத் தேடிப் போகத் தொடங்கியது இப்படித்தான்.

இது வெள்ளைக்காரக் கிராமத்து இசை என்று ஒரு பேச்சு உண்டு. கேட்கும்போதே அதை ஓரமாக வைத்துவிடுங்கள். பேஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த கருவி. ஆப்ரியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவரான டிஃபோர்ட் பெய்லி கறுப்பினத்தவர். ஹார்மோனிகாவில் ரயிலையே ஓட்டிக் காட்டுவார். கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி மலைகளில் அலைந்தபோது கூடவே போய் மெட்டுகளை மனதில் வாங்கி வந்தவர் லெஸ்லி ரிடில். ஹாங்க் வில்லியம்ஸுக்குத் தெருவில் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன். இருவரும் கறுப்பினக் கலைஞர்கள்.

ச, ம, ப

பாட்டு கட்டப்படும் விதத்தைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கன்ட்ரி பாட்டுகளில் பெரும்பாலானவை மூன்று கார்ட்டுகளில் அடங்கும்: ஒன்று, நான்கு, ஐந்து. அதாவது ச, ம, ப மூன்றையும் தனித்தனி ஆதாரமாக வைத்து எழுப்பும் ஸ்வரக்கூட்டுகள். ஜி சுருதியில் பாடினால் ஜி, சி, டி. ஏ சுருதிக்குப் போனால் ஏ, டி, ஈ. சுருதி மாறினாலும் ச என்பது ச-தானே. நாஷ்வில் ஸ்டூடியோக்காரர்கள் இதையே 1950களின் கடைசியில் பிடித்துக்கொண்டார்கள். ஜோர்டனேர்ஸ் என்ற பின்னணிப் பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் தொடங்கிவைத்த இந்த முறையில் கார்ட் பெயருக்குப் பதிலாக வெறும் எண்ணை எழுதுவார்கள்.

ஒரு வரிக்கு 1 1 4 1 என்று எழுதியிருந்தால் நான்கு எண்ணும் நான்கு தாள அளவு. ஒரே அளவுக்குள் இரண்டு கார்ட் வந்தால் இரண்டு எண்ணையும் சேர்த்து அடிக்கோடு. எண்ணைச் சுற்றி வைரக் கட்டம் இருந்தால் ஒருமுறை மீட்டிவிட்டு அப்படியே ஒலிக்க விடவேண்டும். பக்கத்தில் சிறு கோடு இருந்தால் மைனர். புதியவர்கள் தவறுவது இந்தக் கோட்டில்தான். 6 என்று மட்டும் எழுதி, கோட்டை விட்டுவிட்டால், எதிரே இருப்பவர் ஆறாவதை மேஜராக வாசித்துவிடுவார். சோகமாக வரவேண்டிய வரி திடீரென்று பிரகாசமாகிவிடும். முறையின் பலன் என்னவென்றால், பாடகருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தால் சுருதியை இறக்கச் சொன்னால் போதும். தாளில் ஒரு எழுத்தும் மாறாது.

தாளத்துக்கு வருவோம். நான்கு எண்ணிக்கையில் ஒன்றும் மூன்றும் பாஸுக்கு, இரண்டும் நான்கும் கிட்டாரின் வீச்சுக்கு. பாஸ் ஒன்றில் ச-வையும் மூன்றில் ப-வையும் தொடும். கிட்டாரில் முயல்கிறவர் ஜி கார்ட்டைப் பிடித்துக் கட்டைவிரலால் ஆறாவது தந்தி, பிறகு கீழ்த் தந்திகளில் ஒரு வீச்சு, அடுத்து நான்காவது தந்தி, மறுபடி வீச்சு. சி கார்ட்டில் ஐந்தாவது தந்தியின் மூன்றாம் கட்டம் முதலில், பிறகு மோதிர விரலை நகர்த்தி ஆறாவதின் மூன்றாம் கட்டம். டி கார்ட்டில் திறந்த நான்கும் திறந்த ஐந்தும். நிமிடத்துக்கு 80 அடியில் தொடங்கலாம். ஆறு தந்தியையும் ஒவ்வொரு அடிக்கும் ஒரே பலத்தில் வாரினால் கன்ட்ரி ஒலி வரவே வராது. பாஸும் வீச்சும் பிரிந்து கேட்கவேண்டும். வீச்சு இரண்டு மூன்று தந்தியோடு நின்றால் போதும். கார்ட்டர் குடும்பத்தின் மேபெல் கார்ட்டர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். கட்டைவிரல் பாஸ் தந்திகளில் மெட்டையே வாசிக்கும், மற்ற விரல் மேலே தாளத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரே கையில் இரண்டு ஆள் வேலை.

டிரம் பல காலம் ஆப்ரி மேடையில் அனுமதிக்கப்படவில்லை. ஜானி கேஷ் 1956-இல் 'ஐ வாக் த லைன்' பதிவுக்கு என்ன செய்தார் தெரியுமா? கிட்டார் தந்திகளுக்கு இடையே ஒரு காகிதத்தைச் செருகிக்கொண்டார். மீட்டும்போது சரசரவென்று ஸ்னேர் டிரம் மாதிரி சத்தம் வரும். அந்தப் பாட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். சரணத்துக்குச் சரணம் சுருதி மாறுகிறது; ஒவ்வொரு முறையும் அடுத்த சுருதியைப் பிடிக்க அவர் முதலில் முனகுகிறார். மூன்று கார்ட்டுக்குள் அடங்காத கன்ட்ரியும் உண்டு என்பதற்கு அந்த முனகல் ஒரு சாட்சி.

மூன்று எண்ணிக்கையில் போகும் வால்ட்ஸ் தனி வகை, நமக்குத் திஸ்ரம். 'டென்னசி வால்ட்ஸ்' இதில்தான் நடக்கிறது. ஹாங்க் வில்லியம்ஸின் 1949-ஆம் ஆண்டு 'ஐம் ஸோ லோன்சம் ஐ குட் க்ரை' பாட்டும் அப்படியே. சோகத்துக்கு வால்ட்ஸ் பொருந்துகிற அளவுக்கு வேறெதுவும் பொருந்துவதில்லை.

அழுகிற கருவி

பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு நேரம் கொடுத்தே ஆகவேண்டும். கன்ட்ரிக்கென்று தனியாக ஓர் ஒலி உண்டென்றால் அது இதுதான். மேசை மாதிரி நான்கு காலில் நிற்கும் கருவி. வாசிப்பவர் அதன் முன்னால் உட்காருவார். பத்துத் தந்திகள். இடது கையில் உருண்டையான எஃகுத் தண்டு. தந்தியை அழுத்தாமல் மேலே வைத்து நகர்த்துவார். வலது கையில் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் மிஸ்ராப் மாதிரி பிக்குகள். இடது பாதத்துக்குக் கீழே மூன்று பெடல்கள், வலது பாதத்தில் ஒலியளவுப் பெடல், முழங்கால்களின் இருபுறமும் நெம்புகோல்கள். நான்கு கைகாலும் முழங்காலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் கருவி இது. கற்க வருடக்கணக்கில் ஆவதில் ஆச்சரியம் இல்லை.

தண்டு நகர்வது ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. நாஷ்விலில் சேர்ந்தது பெடல். வழக்கமான ஈ-9 சுருதியமைப்பில் நடுவிலிருக்கும் மூன்று தந்திகளை எடுத்துக்கொள்வோம்: ச, க, ப. தண்டை வைக்காமலே மீட்டினால் ஒன்றாம் கார்ட். இப்போது முதல் இரண்டு பெடலையும் அழுத்துகிறார். ஒரு பெடல் ப-வை முழுச் சுரம் தூக்கித் த ஆக்குகிறது. மற்றொன்று க-வை அரைச் சுரம் தூக்கி ம ஆக்குகிறது. ச அசையாமல் நிற்கிறது. கையில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் ச-க-ப இப்போது ச-ம-த ஆகிவிட்டது. நான்காம் கார்ட் வந்துவிட்டது. பெடலை அழுத்தியபடியே தண்டை இரண்டாம் கட்டத்தில் வைத்தால் ஐந்தாம் கார்ட். பாட்டு முழுவதும் அங்கேயே கிடைத்துவிட்டது.

கமகத்தில் ஊறிய நம் காதுக்கு ஒரு ஸ்வரம் இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது புதிதல்ல. இங்கே புதிது, ஒன்று நகரும்போது பக்கத்திலிருப்பது நிற்பது. இரண்டு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க, ஒன்று மட்டும் வளைந்து மேலே ஏறுகிறது. அந்த உரசலைத்தான் எல்லாரும் அழுகை என்கிறார்கள். வெப் பியர்ஸின் 1954 வெற்றிப் பாடலான 'ஸ்லோலி'யில் பட் ஐசக்ஸ் இதை வாசித்துக் காட்டியதும் நாடெங்கும் ஸ்டீல் வாசித்தவர்கள் தங்கள் கருவியைக் கழற்றிப் பெடல் பூட்ட ஆரம்பித்தார்கள். ஒலியளவுப் பெடலின் வேலையும் முக்கியம். மீட்டும் கணத்தில் ஒலியைத் தாழ்த்தி, தந்தி தேயத் தேய உயர்த்துவார்கள். மீட்டிய சத்தம் மறைந்து, ஸ்வரம் எங்கிருந்தோ ஊறி வருவதுபோல் கேட்கும். கற்றுக்குட்டிகள் இந்தப் பெடலைத் தாளத்துக்குக் கால் ஆட்டுவது மாதிரி ஆட்டுவார்கள். கேட்கக் கடல்பயணத் தலைசுற்றல்தான்.

ஃபிடில் என்பது வயலினேதான், வாசிப்பு மட்டும் வேறு. பேஞ்சோவுக்கு ஒரு பெயர் போதும்: எர்ல் ஸ்க்ரக்ஸ். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றையும் இடைவிடாமல் சுழற்றும் அவர் வாசிப்பு 1945 டிசம்பரில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபோது, ப்ளூகிராஸ் என்ற வேகமான கிளை உருவானது.

எந்த வரிசையில் கேட்பது

இன்றைய வானொலிப் பட்டியலில் தொடங்கவேண்டாம். பாதிக்கு மேல் கன்ட்ரி உச்சரிப்பில் பாடும் பாப். கார்ட்டர் குடும்பத்திலிருந்தும் தொடங்கவேண்டாம். பழைய தட்டின் இரைச்சல் புதியவரை விரட்டிவிடும். 1950களின் ஹாங்க் வில்லியம்ஸ் சரியான வாசல். 29 வயதில், 1953 புத்தாண்டு நாளில், கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டில் இறந்தவர். எழுதிய வரிகளில் ஒரு சொல் கூடுதலாக இருக்காது.

அடுத்து பாட்சி க்ளைன். 1961-இன் 'க்ரேஸி', அப்போது பெயர் தெரியாத வில்லி நெல்சன் எழுதியது. தயாரித்தவர் ஓவன் பிராட்லி. ராக் அண்ட் ரோல் வந்து சந்தை சரிந்த பிறகு, ஃபிடிலையும் ஸ்டீலையும் பின்னுக்குத் தள்ளிப் பியானோ, கோரஸ், வயலின் கூட்டம் என்று மெருகேற்றிய நாஷ்வில் பாணிக்கு இது உச்சம். பாட்சி ஒவ்வொரு சொல்லையும் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிப் போடுவதைக் கவனியுங்கள்.

அந்த மெருகு பிடிக்காதவர்கள் மேற்கே இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில், வறட்சியில் ஓக்லஹோமா, டெக்சஸ் பக்கத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், நடனக்கூடச் சத்தத்தை மீறிக் கேட்க டெலிகாஸ்டர் மின்கிட்டாரைக் கூர்மையாக வைத்து வாசித்தார்கள். பக் ஓவன்ஸ், மெர்ல் ஹாகர்ட். ஹாகர்ட் சிறைப்பாட்டுப் பாடினால் நம்பலாம். சான் க்வென்டினில் கைதியாக இருந்தவர். இருவரில் ஒருவரைத்தான் கேட்க நேரம் என்றால் ஹாகர்ட்டையே கேளுங்கள். பிறகு வில்லி நெல்சனின் 1975 ஆல்பம் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்'. முழுக்க ஒரே கதை. கருவிகள் அவ்வளவு குறைவு, முதல் தடவை கேட்கும்போது பதிவு முடியவில்லையோ என்று தோன்றும்.

ஸ்ட்ரீமிங்கில் ஒரு பொறி உண்டு. 1950களின் பாடகர்கள் பலர் அதே பாட்டுகளைப் பத்து இருபது வருடம் கழித்து வேறு கம்பெனிக்குத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். 'மிகச் சிறந்தவை' என்ற தொகுப்புகளில் பெரும்பாலும் இவைதான் கிடக்கும். குரல் தளர்ந்திருக்கும், பின்னணி சப்பென்று இருக்கும். பதிவான ஆண்டைப் பாருங்கள். ஹாங்க் வில்லியம்ஸில் இன்னொரு வகை: அவர் இறந்தபின் 1960களில் கம்பெனி அவர் குரலுக்குப் பின்னால் வயலின் கூட்டத்தைச் சேர்த்து வெளியிட்டது. அதைக் கேட்டுவிட்டு ஹாங்க் பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடாது.

படங்கள்

கன்ட்ரிக்கும் சினிமாவுக்கும் கொடுக்கல் வாங்கல் பழையது. தலையில் கௌபாய் தொப்பி வந்ததே சினிமாவால்தான். டென்னசி, கென்டக்கி மலைக்காரர்கள் மாடு மேய்த்துக்கொண்டு குதிரையில் திரிந்தவர்கள் இல்லை. 1930களின் நடுவில் ஜீன் ஆட்ரி திரையில் பாடும் கௌபாயாக வந்தார். மற்ற பாடகர்களும் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டார்கள். 1980-இல் மறுபடி அதே கதை. 'அர்பன் கௌபாய்' படத்தில் ஜான் ட்ரவோல்டா டெக்சஸ் மதுக்கூடத்தில் எந்திர மாட்டின் மேல் ஏறியதும் நகரமெல்லாம் தொப்பி வாங்கியது. பாட்டும் பாப் பக்கம் சாய்ந்து மெழுகுப் பூச்சு ஏறியது. 1986 வாக்கில் ராண்டி ட்ராவிஸ், ட்வைட் யோகம் போன்றவர்கள் ஃபிடிலையும் ஸ்டீலையும் முன்னுக்குக் கொண்டுவரும்வரை நிலைமை சுமார்தான். படமாக 'அர்பன் கௌபாய்' மோசமில்லை, இசைக்காகப் பார்க்கத் தேவையில்லை.

இந்தப் படங்களை எடைபோட ஒரு கேள்வி போதும்: நடிப்பவரே பாடுகிறாரா? 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (1980) பாடகி லொரெட்டா லின்னின் கதை. கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். சிஸ்ஸி ஸ்பேசெக் பாட்டு முழுவதையும் தானே பாடி, ஆஸ்கரும் வாங்கினார். பாட்சி க்ளைனாக வரும் பெவர்லி டி'ஏஞ்சலோவும் சொந்தக் குரலில்தான் பாடுகிறார். பாட்சியின் வாழ்க்கையையே எடுத்த 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' (1985) படத்தில் ஜெசிகா லாங் அசல் பதிவுகளுக்கு வாயசைக்கிறார். குரல் அசல்தான், ஆனால் அந்தக் குரலுக்கு வேண்டிய மூச்சு அந்த உடம்பில் தெரியவில்லை. பின்னணிக் குரல் நமக்குப் பழகிய விஷயம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கன்ட்ரியில் மட்டும் அது உறுத்துகிறது. பேச்சும் பாட்டும் ஒரே உச்சரிப்பில் ஓடவேண்டிய இசை இது.

'வாக் த லைன்' (2005) பரவலாகத் தெரிந்த படம். ஜானி கேஷ், அவர் பின்னால் மணந்த ஜூன் கார்ட்டர் இருவரின் கதை. ஹவாகின் ஃபீனிக்ஸ், ரீஸ் விதர்ஸ்பூன் இருவரும் சொந்தமாகப் பாடினார்கள். ஜூன், அந்த மேபெல் கார்ட்டரின் மகள் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அவர் பின்னால் எவ்வளவு பாரம்பரியம் நிற்கிறது என்று விளங்கும். ஆனால் கேஷின் முதல் மனைவியைப் படம் குறுக்கே நிற்கும் ஆளாக மட்டுமே காட்டுகிறது. 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' (2000) படத்தின் ஆல்பம் 2002-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. ஜார்ஜ் க்ளூனிக்குக் குரல் கொடுத்தவர் டான் டைமின்ஸ்கி. கதை நடப்பது 1937. அதில் பரபரப்பாகும் பாட்டிலோ ப்ளூகிராஸ் வாசனை பலமாக அடிக்கிறது. ஸ்க்ரக்ஸ் மன்றோவிடம் சேர இன்னும் எட்டு வருடம் இருக்கிறதே! ஆனாலும் ஆல்பம் ஆல்பம்தான். ரால்ஃப் ஸ்டான்லி துணைக்கருவியே இல்லாமல் பாடும் அந்த ஒரு பாட்டுக்காகவே வாங்கலாம்.

ராபர்ட் ஆல்ட்மனின் 'நாஷ்வில்' (1975) பெரிய படம். ஆனால் பாட்டுகளில் பலவற்றை நடிகர்களே எழுதினார்கள், சிலவற்றில் கேலி கலந்திருக்கிறது. அசலைக் கேட்டுப் பழகிய பிறகு பார்த்தால்தான் எது கேலி, எது உண்மை என்று பிடிபடும். முதல் படமாகப் பார்த்துவிடாதீர்கள்.

எல்லாவற்றிலும் மேலாக வைக்கவேண்டியது 'டெண்டர் மெர்சீஸ்' (1983). குடியில் எல்லாவற்றையும் தொலைத்த ஒரு பாடகன், டெக்சஸ் நெடுஞ்சாலையோர விடுதியில், சிறுவயது மகனோடு இருக்கும் விதவை ஒருத்தியிடம் வேலைக்குச் சேருகிறான். ராபர்ட் டுவால் தானே பாடினார், ஆஸ்கர் வாங்கினார். அவனுக்குப் பெரிய மேடை இல்லை, பெருங்கூட்டம் இல்லை, மீண்டு எழும் வெற்றிக் காட்சி இல்லை. ஜார்ஜ் ஜோன்ஸ் பாட்டைப் போலவே முக்கியமானது சொல்லாமல் நடந்து முடிந்திருக்கும். ஜெஃப் பிரிட்ஜஸின் 'க்ரேஸி ஹார்ட்' (2009) இதே கதையைச் சத்தமாகச் சொல்கிறது. பிடித்தால் பாருங்கள், ஆனால் டுவாலைப் பார்த்த பிறகு.

கன்ட்ரி இசை பற்றிய கென் பர்ன்ஸின் ஆவணத்தொடர் 2019-இல் வந்தது: எட்டுப் பகுதி, ஏறத்தாழ 16 மணி நேரம். மேலே சொன்ன பாட்டுகளைக் கேட்டு முடித்தபின் தொடங்குங்கள். ஒரே வீச்சில் பார்த்தால் பெயர்கள் குழம்பும். ஒரு பகுதி பார்த்து, அதில் வந்தவர்களில் இரண்டு பேரை முழுப் பாட்டாகக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். தொடரில் எந்தப் பாட்டும் கடைசிச் சரணம்வரை ஓடுவது அபூர்வம்.